விடுப்பு எடுப்பதா, மேனேஜரிடம் பேசுவதா, பேப்பர் போடுவதா?

போன வருடம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என் மகள் தான் வரைந்த படத்தை நீட்டிக்கொண்டு எதிரில் நின்றாள். "ஏங்க, பாப்பா மூணு தடவை கேட்டுட்டா. நீங்க அவ முகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க" என்று மனைவி சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. குழந்தை கேட்டது ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொரு வருடமாகச் சென்னை ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் சப்போர்ட் டீம்களில் வேலை பார்க்கிறேன். சர்வரில் ஏதாவது என்றால் ராத்திரியிலும் போன் வரும் வேலை. வேலை தெரியாமல் இல்லை, சம்பளத்திலும் குறை இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதமாக லேப்டாப்பைத் திறக்கவே கை வரவில்லை. யாராவது புது டிக்கெட், அதாவது சரிசெய்யச் சொல்லும் புகார், அனுப்பினால் அந்த ஆள்மேலேயே எரிச்சல் வந்தது. நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர் "பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போ" என்றார். இன்னொருவர் "பேப்பர் போடு, வேற கம்பெனி பாரு" என்றார். எச்.ஆரிடமிருந்து மனவலிமைப் பயிற்சி வகுப்புக்கு அழைப்பு வந்தது. என் அக்கா, "ஒரு கவுன்சிலரைப் போய்ப் பாருடா" என்றாள். எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள், ஆனால் அவரவருக்குக் கைகொடுத்ததையே எனக்கும் சொன்னார்கள். ஒவ்வொரு வழிக்கும் என்ன செலவு, என்ன பலன், யாருக்குப் பொருந்தும் என்று பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச்சொல்ல ஆளில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எனக்கு வந்தது பர்ன்அவுட், அதாவது வேலைச் சோர்வு. இந்தச் சொல்லை இப்போது எல்லாக் களைப்புக்கும் பயன்படுத்துகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பில் இதை விளக்கியபோது, இது நோய் அல்ல, வேலையோடு மட்டும் தொடர்புடைய ஒரு நிலை என்று தெளிவாகச் சொன்னது. தீர்க்கப்படாமல் நீண்ட காலம் தொடரும் பணி அழுத்தத்தால் இது வருகிறது. இதற்கு மூன்று அடையாளங்கள். சக்தி வற்றிப்போவது ஒன்று. வேலையின்மேல் இருந்த ஒட்டுதல் போய் வெறுப்பும் அவநம்பிக்கையும் வருவது இரண்டு. செய்யும் வேலை எதுவும் உருப்படியாக வரவில்லை என்று தோன்றுவது மூன்று.

இந்தச் சொல்லை 1974இல் ஆய்வு இதழ் ஒன்றில் எழுதிப் பரவச் செய்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில், பிறருக்கு உதவ வேண்டும் என்று விரும்பி வந்து உழைத்தவர்கள் ஒவ்வொருவராகச் சோர்ந்து போனதை அவர் கூடவே இருந்து பார்த்தார், அவரும் சோர்ந்து போனார். அவர்கள் சோம்பேறிகளும் இல்லை, மனவலிமை இல்லாதவர்களும் இல்லை, வேலையை மனதார நேசித்தவர்கள். "உனக்குத் தாக்குப்பிடிக்கத் தெரியல" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த மருத்துவமனைதான் ஞாபகம் வரும்.

வழிகளை ஒப்பிடும் முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, இவை எல்லாமே "எதிலும் பிடிப்பில்லை" என்ற உருவத்தில் வரக்கூடியவை. ஒரு இரத்தப் பரிசோதனையில் பாதி சந்தேகம் தீரும். அப்புறம், மனச்சோர்வு நோய் வேறு, பர்ன்அவுட் வேறு. வேலை மட்டும் கசந்து, கிரிக்கெட்டும் பாட்டும் குழந்தையும் இன்னும் இனித்தால் அது அநேகமாக வேலைச் சோர்வு. எதுவுமே இனிக்கவில்லை, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருக்கிறது என்றால் அடுத்த வேலை மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

சரி, வேலைச் சோர்வுதான் என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து வருகிறது? இந்தத் துறையில் நாற்பது வருடத்துக்கு மேல் ஆய்வு செய்த கிறிஸ்டினா மாஸ்லாக்கும் அவருடன் பணியாற்றிய மைக்கேல் லைட்டரும் ஆறு இடங்களைச் சுட்டுகிறார்கள்: வேலைச் சுமை, வேலையின்மேல் நமக்குள்ள பிடி (நாமே முடிவெடுக்கும் உரிமை), கிடைக்கும் மதிப்பும் கூலியும், கூட வேலை செய்பவர்கள், நியாயம், நம் மனசாட்சியோடு வேலை ஒத்துப்போவது. என்னைக் கேட்டால், முடிவெடுப்பதற்கு இந்தப் பட்டியலைவிட நல்ல கருவி இல்லை. சுமை அதிகமானால் அதற்கு ஒரு மருந்து, நியாயம் இல்லாத இடத்துக்கு வேறு மருந்து. ஒன்றுக்கு உள்ளதை மற்றதற்குக் கொடுத்தால் பலிக்காது, பணமும் வருடமும்தான் போகும்.

யோகா, தியானம், மனவலிமை வகுப்பு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் பதில்களை எடுத்துக்கொண்டது. தியான வகுப்பு, அழுத்தம் தாங்கும் பயிற்சி, நலவாழ்வு செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டால், கலந்துகொண்டவர்கள் மனநலத்தில் மேலாக இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டு வேலையில் ஈடுபட வாய்ப்புக் கிடைத்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் நன்மை தெரிந்தது.

நான் தியானத்துக்கு விரோதி இல்லை. தினமும் காலையில் பதினைந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்கிறேன், கோபம் அடங்குவதற்கு உதவுகிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போனை மூச்சுப் பயிற்சி நிறுத்தாது. கம்பெனி இலவசமாகத் தருகிறதா, போய் வாருங்கள். அதையே தீர்வு என்று நம்பி ஆறு மாதத்தைக் கழித்துவிடாதீர்கள். அது பலிக்காதபோது "என்னிடம்தான் ஏதோ குறை" என்ற எண்ணம் வேறு சேர்ந்துகொள்கிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

நீண்ட விடுப்பு

நான் முதலில் எடுத்தது இதைத்தான். தென்காசிப் பக்கம் ஊரில் பத்து நாள். முதல் நான்கு நாளும் ராத்திரி ஒன்றரை மணிக்குத் தானாக விழிப்பு வந்து கை போனைத் தேடியது. ஐந்தாம் நாள்தான் விடியும் வரை தூங்கினேன். எட்டாம் நாள் குற்றாலத்தில் அருவிக்கரையில் நின்றபோது, பழைய மனிதனாகிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பிவந்து இரண்டாவது வாரமே அதே எரிச்சல்.

இது எனக்கு மட்டும் நடந்தது அல்ல. மினா வெஸ்ட்மேன், டோவ் ஈடன் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் இதையே அளந்திருக்கிறார்கள். விடுமுறையில் சோர்வு நன்றாகக் குறைகிறது. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே ஓரளவு ஏறிவிடுகிறது, மூன்று வாரத்தில் பழைய அளவுக்கே வந்துவிடுகிறது. வாளியில் ஓட்டை அப்படியே இருக்க, தண்ணீர் மட்டும் ஊற்றியிருக்கிறோம்.

அதற்காக விடுப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். தூக்கமில்லாத மூளை எடுக்கும் முடிவு எதுவும் நன்றாக இருக்காது. நிதானமாக யோசிக்கும் நிலைக்கு வர விடுப்பு தேவை, அதற்கு மட்டும் அதை நம்புங்கள். போவதற்கு முன் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையை யார் பார்ப்பார், உங்களுக்குப் போன் வரக்கூடாது. நான் இரண்டையும் வாங்கவில்லை. திரும்பிவந்தபோது என் டிக்கெட்கள் அத்தனையும் எனக்காகவே காத்திருந்தன, அதனால்தான் அந்த அருவிக்கரை சந்தோஷம் அவ்வளவு சீக்கிரம் கரைந்தது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. பெரிய கம்பெனிகளில் இதைவிட அதிகமாகவே இருக்கும், கணக்கில் சேர்ந்து கிடக்கும். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, மருத்துவர் சான்றளித்தால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். கால் சென்டரில் வேலை செய்யும் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவில்லை. லாஸ் ஆஃப் பேயில், சம்பளம் இல்லாமல், வீட்டில் கிடக்கிறார்கள்.

மேனேஜரிடம் பேசி வேலையை மாற்றுவது

நம்மில் பலர் கடைசியாகத்தான் இதை யோசிக்கிறோம், சிலர் யோசிப்பதே இல்லை. அப்ரைசலில் அடி விழும், 'இவனால் முடியாது' என்று முத்திரை விழும் என்று பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இருந்தும் சுமை, பிடி என்ற முதல் இரண்டு காரணங்களுக்கும் இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது. ஆனால் "ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்று போய் நின்றால் எதுவும் நடக்காது. கேட்பவர் தலையாட்டுவார், "பாத்துக்கலாம்" என்பார், முடிந்தது.

விடுப்பு பலிக்காத பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். பதினான்கு நாள், ராத்திரி வந்த ஒவ்வொரு அழைப்பையும் எழுதினேன்: எத்தனை மணிக்கு வந்தது, எதற்கு வந்தது, நான் என்ன செய்தேன், நான் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். இந்தக் கடைசிக் கேள்விதான் கண்ணைத் திறந்தது. மொத்தம் பத்தொன்பது அழைப்பு. அதில் பதினொன்று ஒரே அலெர்ட். ஒரு சர்வரில் டிஸ்க் 70 சதவீதம் நிரம்பினால் அடிக்கும் மணி அது. ராத்திரி ஒன்றரைக்கு பேட்ச் வேலை (தானாக மொத்தமாக ஓடும் வேலை) ஓடும்போது அதன் பதிவுகளான லாக் ஃபைல்கள் பெருகி 70ஐத் தாண்டும். மூன்றரைக்குச் சுத்தம் செய்யும் வேலை தானாக ஓடி மறுபடி 50க்கு இறங்கிவிடும். நான் எழுந்து, லாகின் செய்து, பார்த்து, "கண்காணிக்கிறேன்" என்று டிக்கெட்டில் எழுதிவிட்டுத் தூங்காமல் படுத்திருப்பேன். எத்தனையோ மாதமாக என் தூக்கத்தைத் தின்றது யாரோ எப்போதோ போட்டுவைத்த ஒரு எண்.

அந்தப் பக்கத்தை மேனேஜரிடம் காட்டினேன். மீட்டிங் அறையில் அல்ல, கீழே டீக்கடையில். அவர் விரலால் அந்தப் பதினொன்றையும் எண்ணிப் பார்த்தார். "இதை ஏங்க இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் பகலில் எங்களைப் பார்க்கிறார், ராத்திரியைப் பார்ப்பதில்லை.

மூன்று விஷயம் கேட்டேன். அலெர்ட் எல்லையை 85க்கு உயர்த்த வேண்டும். ராத்திரி அழைப்பு எடுத்தவர் மறுநாள் பதினொரு மணிக்கு வரலாம். ராத்திரி அழைப்பை முறைவைத்து எடுக்கும் ஆன்-கால் சுற்றில் இரண்டு பேர் போதாது, நான்கு பேர் வேண்டும். முதலாவது, கிளையண்ட் ஒப்புதல் வாங்கி ஒரே வாரத்தில் நடந்தது. இரண்டாவதற்கு உடனே சரி என்றார். மூன்றாவது இழுத்தது. இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு ஆள் சேர்ந்தார், சுற்று மூன்று பேரானது. கிளையண்டோடு ராத்திரி ஒன்பது மணிக்கு நடக்கும் வாராந்திரக் கூட்டம் இன்றுவரை மாறவில்லை. ஆக, கேட்டதில் பாதிக்குமேல் கிடைத்தது. அதற்கு ஆன செலவு ஒரு நோட்டும் ஒரு டீயும்.

நோட்டில் வேலை நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2023இல் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து நீண்ட நேரம் உழைப்பதை ஒரு பெருமையாகப் பேசுவது இன்னும் கூடியிருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. உங்கள் கூட்டல் 55ஐத் தாண்டினால் அதை மனவலிமையின் பிரச்சினையாக நினைக்காதீர்கள், இரத்தக்குழாயின் பிரச்சினையாக நினையுங்கள்.

இந்த வழி எங்கே பலிக்காது? மேனேஜரே பிரச்சினையாக இருந்தால். அப்போது கம்பெனிக்குள்ளேயே டீம் மாறுவது அடுத்த படி. பல இடங்களில் ஒரு ப்ராஜெக்ட்டில் குறிப்பிட்ட காலம் இருந்த பிறகுதான் மாற விடுவார்கள், விடுவிப்பதும் அதே மேனேஜர் கையில் இருக்கும். அந்த முடிச்சை அவிழ்க்க எச்.ஆரையோ மேனேஜருக்கு மேலே இருப்பவரையோ பார்க்க வேண்டிவரும். சீனியாரிட்டி, காப்பீடு, பழகிய மனிதர்கள் எல்லாம் கூடவே வருவதால், கம்பெனி மாறுவதற்கு முன் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பேப்பர் போடுவது

என் நண்பன் ஒருவன், கையில் வேறு வேலை இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கோபத்தில் ராஜினாமா மெயில் அனுப்பினான். அனுப்பிய மறுநிமிடம் அவ்வளவு நிம்மதியாக இருந்ததாம். ஆனால் மூன்று மாதம் நோட்டீஸ் பீரியட், அதே டீமில், அதே மேனேஜரோடு. இன்னொரு அடி பிறகு விழுந்தது. கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுபோகும் என்பதை அவன் யோசிக்கவில்லை. அவன் அப்பாவுக்கு அடுத்த மாதமே ஆஸ்பத்திரி செலவு வந்தது, கையிலிருந்துதான் கட்டினான்.

அதனால் இந்த வழியில் போகிறவர்கள் மெயிலுக்கு முன் கணக்குப் போடுங்கள். வீட்டுக்கடன் தவணை உட்பட எத்தனை மாதச் செலவு கையில் இருக்கிறது? பெற்றோர் யார் காப்பீட்டில் இருக்கிறார்கள்? குழு காப்பீட்டிலிருந்து தனிக் காப்பீட்டுக்கு மாற முடியுமா என்று வேலையில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை கிடைக்க வழக்கமாக ஐந்து வருடச் சேவை வேண்டும். நான்கரை வருடத்தில் இருப்பவர் ஆறு மாதம் பொறுத்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் ஒரு தொகை கையில் வரும்.

வேறு கம்பெனிக்கு மாறினால் தீருமா? வெண்டி பாஸ்வெல் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, வேலை மாறியவர்களின் திருப்தி மாறியவுடன் ஏறுவதையும் பிறகு இறங்குவதையும் காட்டியது. சுமைதான் காரணம் என்றால், அதே மாதிரி சப்போர்ட் வேலைக்கு, 30 சதவீதம் கூடுதல் சம்பளத்துக்குப் போகிறவர் அதே ராத்திரி அழைப்புக்குத்தான் போய்ச் சேருகிறார். ஆட்கள் புதிது என்பதால் "முடியாது" என்று சொல்லும் உரிமைகூட முதல் வருடம் இருக்காது.

ஆனால் நியாயமும் மனசாட்சியும் காரணமாக இருந்தால் என் பதில் வேறு. செய்த வேலைக்கு வேறொருவர் பெயர் வாங்குகிறார், கிளையண்டிடம் பொய் சொல்லச் சொல்கிறார்கள், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார்கள் என்றால் எந்த நோட்டும் உதவாது. அங்கே பொறுத்துப் போவது உங்களைத்தான் தேய்க்கும். வேறு வேலையைத் தேடுங்கள், கிடைத்ததும் கிளம்புங்கள். உடம்பு கெட்டு, மருத்துவரும் நிறுத்தச் சொல்லிவிட்டால் வேறு வேலை கிடைக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கவுன்சிலிங்

இதை மற்ற வழிகளுக்குப் பதிலாக வைக்க முடியாது, கூடவே வைத்துக்கொள்ளலாம். அக்கா சொன்னதற்காக நான்கு முறை போனேன். ராத்திரி அழைப்பைப் பற்றி அந்த அம்மா ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால், "முடியாது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டு, நான் சொன்னதையெல்லாம் எழுத வைத்தார். டீக்கடையில் மேனேஜர் முன்னால் நோட்டைத் திறக்க எனக்குத் தைரியம் வந்தது அந்த மேசையில்தான்.

பல கம்பெனிகளில் ஊழியர்களுக்கான இலவச ஆலோசனைத் திட்டம் வெளி நிறுவனம் மூலம் நடக்கிறது. வழக்கமாக யார் வந்தார், என்ன பேசினார் என்ற விவரம் கம்பெனிக்குப் போகாது, மொத்த எண்ணிக்கைதான் போகும். உறுதிப்படுத்திக்கொள்ள முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். வெளியே போனால் சென்னையில் ஒரு அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று ஆகும். முடியாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவும் இருக்கின்றன. கீழ்ப்பாக்கம் என்றதும் நம் ஊரில் இன்னும் கேலி பேசுகிறார்கள். அந்தக் கேலியால் உதவி கேட்காமல் போனவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அதையும் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மறுபடி இதே இடத்தில் நின்றால் வரிசையை மாற்றிவிடுவேன். இரத்தப் பரிசோதனை, இரண்டு வாரம் நோட்டு, நான்கைந்து நாள் நல்ல தூக்கத்துக்கு மட்டும் விடுப்பு, திரும்பிய முதல் வாரமே மேனேஜரிடம் பேச்சு. பேசிய அன்றே ஒரு கெடு தேதி. கெடு இல்லாவிட்டால் "பாத்துக்கலாம்" என்ற வார்த்தையிலேயே ஒரு வருடம் ஓடிவிடும்.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜூன் 15 என்று எழுதி வட்டமிட்டிருந்தேன். அதுவரை ரெஸ்யூமேயைத் திறக்கக் கூடாது. அந்த வாரமும் ராத்திரி அழைப்பு மூன்றைத் தாண்டினால் அன்றைக்கே திறந்துவிட வேண்டும். மனைவியிடமும் சொல்லி வைத்திருந்தேன். கெடு நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை அவள்தான் நோட்டை எடுத்து எண்ணினாள். இரண்டு.